எலிக்கு ஆறிய கால்: ரத்தக்குழாய் அடைப்புக்குப் புது மருந்து வரும் பாதை

காலில் ரத்தக்குழாய் அடைப்புக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றாத மாதமில்லை. குமரி மாவட்டம் தக்கலையில் மருந்துக்கடை நடத்துகிறவன் என்பதால் அதன் அடுத்த காட்சி எனக்குப் பழக்கம். யாராவது கைப்பேசியை நீட்டி, "அண்ணாச்சி, இந்த ஊசி நம் ஊருக்கு வந்துவிட்டதா?" என்று கேட்பார்கள். செய்தியைக் கீழே தள்ளிப் படித்தால் நான்காவது பத்தியில் 'எலிகளில்' என்ற சொல் ஒளிந்திருக்கும். கேட்பவரின் அப்பாவுக்கோ பெருவிரல் கறுக்கத் தொடங்கியிருக்கும்.

செய்தி பொய் என்று தள்ளிவிட முடியாது. பெரும்பாலும் அது நேர்மையான ஆய்வாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எலிக்கும் அந்த அப்பாவுக்கும் நடுவே பல ஆண்டுகள் நீளும் பாதை ஒன்று இருக்கிறது. அதில் புறப்பட்ட மருந்துகளில் பெரும்பாலானவை வழியிலேயே நின்றுவிட்டன. அவை ஏன் நின்றன என்பதை மருத்துவம் படிக்காதவர்களுக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

## முதலில், நோய்

பேச்சிப்பாறை அணையின் ஷட்டரைத் திறந்தால் தண்ணீர் கால்வாய், கிளைக்கால்வாய், மடை என்று பிரிந்து பிரிந்து போய்க் கடைசியில்தான் கடைமடை வயலை எட்டும். நடுவில் எங்கே தூர்ந்திருந்தாலும் முதலில் காய்வது கடைமடைதான். உடம்பின் கடைமடை நம் பாதம்.

இதயத்திலிருந்து உறுப்புகளுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் தமனி. வயது, பீடி, சிகரெட், சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, கொலஸ்ட்ரால் எல்லாம் கூடித் தமனியின் சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படியச் செய்கின்றன. கால்களுக்குப் போகும் தமனிகள் இப்படிக் குறுகுவதுதான் புறத் தமனி நோய். மருத்துவர்கள் சீட்டில் சுருக்கமாக பி.ஏ.டி. என்று எழுதுவார்கள். உலகில் 20 கோடிக்கும் அதிகமானோருக்கு இது இருப்பதாக மதிப்பீடு.

சும்மா கிடக்கும் வயலுக்குச் சிறு கசிவே போதும். நடவு நேரத்தில்தான் பற்றாக்குறை தெரியும். அதனால் உட்கார்ந்திருக்கும்போது இவர்களுக்கு வலி இருக்காது. வடசேரி பஸ் நிலையத்தில் இறங்கிச் சந்தைப் பக்கம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடும். மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும். நோய் முற்றினால் படுத்திருக்கும்போதே பாதம் வலிக்கும். இரவில் எழுந்து காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டால்தான் கொஞ்சம் இதம் கிடைக்கும். அதற்கும் அடுத்தது ஆறாத புண், கறுத்த விரல், காலையே எடுக்க வேண்டிய அபாயம்.

முழங்காலுக்குக் கீழே நீலமாகப் புடைத்துச் சுருண்டு தெரிவது வேறு நோய். அது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் சிரைகளின் கோளாறு. இரண்டையும் குழப்பிக்கொள்வது ஆபத்து. சிரைக் கோளாறுக்கு இதம் தரும் இறுக்கமான காலுறையைத் தமனி மோசமாக அடைத்த காலில் மாட்டினால், வருகிற கொஞ்சம் ரத்தமும் தடைபடும்.

கண்டுபிடிக்கும் சோதனை எளிமையானது. நோயாளியைச் சற்று நேரம் படுக்கவைத்து, கையில் ரத்த அழுத்தம் பார்ப்பது போலவே கணுக்காலுக்கு மேலும் பட்டையைச் சுற்றுகிறார்கள். பாதத்தில் பசை தடவி, பேனா பருமனில் உள்ள டாப்ளர் கருவியை வைத்தால் ரத்தம் பாயும் ஓசை 'உஷ்… உஷ்…' என்று கேட்கும். பட்டையைக் காற்றடித்து இறுக்கும்போது ஓசை நின்றுபோகும். காற்றை மெல்ல இறக்கும்போது ஓசை எந்த இடத்தில் திரும்புகிறதோ அதுவே கணுக்கால் அழுத்தம். அதைக் கை அழுத்தத்தால் வகுக்க வேண்டும். விடை 0.90 அல்லது அதற்குக் கீழ் என்றால் நோய் இருக்கிறது. 1.40-ஐத் தாண்டினால் மகிழ்ச்சி வேண்டாம். சுண்ணாம்பு ஏறிய குழாய் பட்டைக்கு அமுங்க மறுக்கிறது என்று அர்த்தம். நெடுநாள் சர்க்கரை நோயாளிகளிடம் இதைக் காணலாம்.

இதுவரை பார்த்தது: தமனி குறுகுகிறது, பாதம் காய்கிறது, நடந்தால் வலிக்கிறது, முற்றினால் கால் போகிறது.

## புதுக் கால்வாய் வெட்டும் ஆசை

அடைப்பை எடுக்க ஏற்கெனவே வழிகள் உண்டு. 1964-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் சார்லஸ் டாட்டர் என்ற மருத்துவர், விரல்கள் அழுகத் தொடங்கிய 82 வயது மூதாட்டியின் தொடைத் தமனிக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பை விரித்தார். இன்றைய பலூன், ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) சிகிச்சைகளின் தொடக்கம் அதுதான். அறுவை சிகிச்சையில் வேறொரு குழாயை ஒட்டுப்போட்டு மாற்றுப்பாதை அமைப்பது பைபாஸ். ஆனால் முழங்காலுக்குக் கீழே பல இடங்களில் நுண்ணிய அடைப்புகள் இருப்பவர்களுக்கு இரண்டுமே கைகொடுக்காமல் போகலாம். ஆய்வகங்கள் கண் வைத்திருப்பது அவர்கள் மேல்தான்.

கால்வாய் ஒப்புமை ஓரிடத்தில் உடைகிறது. கால்வாய் தானாகக் கிளை வெட்டிக்கொள்ளாது, உடம்பு வெட்டிக்கொள்ளும். பெரிய தமனி மெல்ல மெல்ல அடைபடும்போது பக்கத்திலுள்ள சிறு தமனிகள் பருத்து, சுற்றுவழியாக ரத்தத்தைக் கொண்டுபோகின்றன. இவை பக்கவழித் தமனிகள். ரத்தம் போதாத தசையில் முடியைவிட மெல்லிய நுண்குழாய்கள் புதிதாக முளைப்பதும் உண்டு. இதை உடம்புக்குச் சொல்லிக்கொடுத்து அதிகமாகச் செய்யவைத்தால் என்ன என்பதுதான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓடும் ஆராய்ச்சியின் கரு.

வேடிக்கை என்னவென்றால், இந்த யோசனை புற்றுநோயிலிருந்து வந்தது. புற்றுக்கட்டி வளரப் புது ரத்தக்குழாய்களைத் தன் பக்கம் இழுக்கிறது, அதைத் தடுத்தால் கட்டி பட்டினி கிடக்கும் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971-இல் எழுதினார். அந்தத் தேடலில் 1989-இல் அடையாளம் காணப்பட்ட புரதம் வி.இ.ஜி.எஃப். ரத்தக்குழாய் முளைக்கச் சொல்லும் சமிக்ஞை அது. கட்டியில் எதை அடக்கப் பார்த்தார்களோ, காலில் அதையே தூண்டலாமே என்று பாஸ்டனில் ஜெஃப்ரி ஐஸ்னர் என்ற இதய மருத்துவர் நினைத்தார். புரதத்தை ஊசியில் போட்டால் சீக்கிரம் கரைந்துவிடும். எனவே அதைத் தயாரிக்கும் குறிப்பை, அதாவது மரபணுவைச் செலுத்தினார். உயிரணு அந்தக் குறிப்பைப் படித்துச் சில வாரங்களுக்குப் புரதத்தைச் செய்துகொண்டிருக்கும். இதற்கு மரபணு சிகிச்சை என்று பெயர். 1994-இல் அவர் குழு இதைக் கால் நோயாளிக்கு முதன்முதலாகக் கொடுத்தது. புதுக் குழாய்கள் தெரிந்தன, காலில் வீக்கமும் வந்தது. அவசரமாக முளைத்த குழாய்கள் கசிகின்றன என்பதற்கு அந்த வீக்கம் முதல் அறிகுறி.

## எலியின் கால் ஏன் ஏமாற்றுகிறது

மனிதருக்குக் கொடுக்குமுன் விலங்குகளில் சோதிக்க வேண்டும். இந்த நோய்க்கு வழக்கமான சோதனை இப்படி நடக்கும். சுண்டெலியை மயக்கி, தொடை இடுக்கில் சிறு கீறல் போட்டு, தொடைத் தமனியைக் கட்டிவிடுகிறார்கள். பாதம் வெளிறும். லேசர் கேமராவின் திரையில் ரத்தம் ஓடும் கால் சிவப்பாகவும் ஓடாத கால் நீலமாகவும் தெரியும். மருந்து கொடுத்த எலிக்கு நீலம் விரைவாகச் சிவப்பானால் ஆய்வுக் கட்டுரை தயார். நம் வாட்ஸ்அப் செய்தியும் தயார்.

மருந்து கொடுக்காத எலியின் காலைப் பாருங்கள். ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் கறுப்பு எலி வகையில், மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலான ரத்த ஓட்டம் தானாகவே திரும்பிவிடும். வேறொரு வெள்ளை எலி வகையில் அது சரியாகத் திரும்பாமல் விரல்கள் அழுகும். வித்தியாசம் பிறவியிலேயே உள்ள பக்கவழித் தமனிகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. எந்த வகை எலியை எடுத்தோம் என்பதே முடிவைப் பாதி தீர்மானித்துவிடுகிறது.

இதை நம் நோயாளியோடு ஒப்பிட வேண்டும். எலிக்கு வயது சில மாதங்கள். சர்க்கரை இல்லை, பீடி இல்லை, அளந்து வைத்த தீனி. நேற்று வரை நன்றாக இருந்த தமனியை இன்று கட்டினார்கள். அதிர்ந்துபோன உடம்பு முழுவேகத்தில் பழுது பார்க்கிறது. நம் அப்பாவுக்கு 65 வயது. முப்பது ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்த குழாய். அவர் உடம்பு செய்யக்கூடிய சுற்றுவழிகளையெல்லாம் ஏற்கெனவே செய்து களைத்துவிட்டது. சர்க்கரையும் புகையிலையும் சமிக்ஞையைக் கேட்கும் உயிரணுக்களையே மந்தமாக்கிவிட்டன. கேட்கும் காது பழுதாகியிருக்கும்போது இன்னும் உரக்கக் கூவுவதில் எவ்வளவு பலன் இருக்கும்? அளவையும் யோசிக்க வேண்டும். ஒரு சுண்டெலி 25 கிராம் இருக்கும். அதன் தொடை முழுவதும் பரவும் ஊசி, மனிதக் காலில் சில புள்ளிகளில் மட்டும் தங்கிவிடும்.

சுருக்கமாக: எலிச் சோதனை ஒரு யோசனைக்கு உயிர் இருக்கிறதா என்று காட்டும். நோயாளியின் காலை அது ஒத்திருப்பதில்லை.

## படிகளும் வெறும் ஊசியும்

விலங்குச் சோதனையைத் தாண்டினால் மனிதச் சோதனை மூன்று கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் சிலருக்கு மட்டும் கொடுத்து, ஆபத்து உண்டா, எவ்வளவு அளவு தாங்கும் என்று பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் பயன் தெரிகிறதா என்று கூடுதல் பேரிடம் பார்ப்பார்கள். மூன்றாம் கட்டம் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஆட்களை வைத்து உறுதி செய்வது. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மருந்தும் மறுபகுதிக்கு மருந்தில்லாத வெறும் ஊசியும் போடுவார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, போடும் மருத்துவருக்கும் தெரியாது.

வெறும் ஊசி போடுவது கொடுமை இல்லையா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அதற்கு நெதர்லாந்தில் நடந்த ஜுவென்டாஸ் சோதனை நல்ல பதில். எலும்பு மஜ்ஜையில் ரத்தக்குழாயைச் சீர்செய்யும் உயிரணுக்கள் உண்டு என்று நம்பப்பட்டது. 2002-இல் ஜப்பானியக் குழு ஒன்று அவற்றைக் காலில் செலுத்தி நல்ல பலன் கண்டதாக அறிவித்தபின் உலகமே பரபரப்பானது. நெதர்லாந்துக்காரர்கள் 160 நோயாளிகளை வைத்து வெறும் திரவத்தோடு ஒப்பிட்டார்கள். 2015-இல் முடிவு வந்தது. உயிரணு பெற்றவர்களுக்கு வலி குறைந்திருந்தது, கணுக்கால் அழுத்தம் ஏறியிருந்தது. வெறும் திரவம் பெற்றவர்களுக்கும் அதே அளவு குறைந்திருந்தது, ஏறியிருந்தது. கால் எடுக்க வேண்டியவர்களின் எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை.

இதில் மாயம் எதுவும் இல்லை. மிக மோசமான நாட்களில்தான் ஒருவர் சோதனையில் சேர்கிறார். அதற்குமேல் சிலருக்கு இயல்பாகவே கொஞ்சம் இறங்கும். சோதனையில் இருக்கும்வரை புண்ணுக்கு முறையான கட்டு, வேளாவேளைக்கு மாத்திரை, அடிக்கடி விசாரிக்கும் செவிலியர் எல்லாம் கிடைக்கும். ஒப்பிட ஆளில்லாமல் உயிரணு பெற்றவர்களை மட்டும் பார்த்திருந்தால், அந்தச் சிகிச்சை இன்று லட்சக்கணக்கில் விலைபோயிருக்கும்.

மரபணு சிகிச்சைக்கும் இதே அடி விழுந்தது. வேறொரு வளர்ச்சிப் புரதத்தின் மரபணுவை வைத்து நடந்த இரண்டாம் கட்டச் சோதனை, கால் இழப்பைக் குறைப்பதாக நம்பிக்கை கொடுத்தது. அதை 30 நாடுகளில் 525 பேரிடம் உறுதிசெய்யப் புறப்பட்டது டமாரிஸ் என்ற மூன்றாம் கட்டச் சோதனை. 2011-இல் வெளியான முடிவில், ஓராண்டுக்குள் கால் இழந்தவர்களும் இறந்தவர்களும் சேர்ந்து இரு பக்கமும் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே இருந்தார்கள். ஜப்பான் 2019-இல் இன்னொரு மரபணு ஊசிக்கு நிபந்தனையோடு அனுமதி கொடுத்துப் பார்த்தது. கூடுதல் சான்று போதாமல் 2024-இல் அது சந்தையிலிருந்து விலகியது.

இந்தியாவிலும் ஒரு முயற்சி அனுமதிவரை போயிருக்கிறது. பெங்களூருவின் ஸ்டெம்ப்யூட்டிக்ஸ் நிறுவனம், கொடையாளிகளின் எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்த உயிரணுக்களைக் கெண்டைக்கால் தசையில் செலுத்தும் சிகிச்சையை உருவாக்கியது. கை கால்களின் ரத்தக்குழாய்கள் வீங்கி அடைத்துக்கொள்ளும், புகையிலையோடு நெருங்கிய தொடர்புள்ள பர்கர் நோய்க்கு அதற்கு வரம்புக்குட்பட்ட அனுமதி முதலில் கிடைத்தது. 2020-இல் கொழுப்புப் படிவால் கால் இழக்கும் நிலைக்கு வந்தவர்களுக்கும் அனுமதி விரிந்தது. இதை நான் ஆவலோடும் எச்சரிக்கையோடும் பார்க்கிறேன். பெரிய எண்ணிக்கையில், வெறும் ஊசியோடு ஒப்பிட்ட முடிவுகள் வந்தால் ஆவல் கூடும்.

## வேறு வாசல் வழியாக வந்தவை

கால் நோயாளிக்கு உண்மையில் பயன்பட்ட பல மருந்துகள் வேறு நோய்க்காகப் பிறந்தவை. பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து எடுத்த புற்றுநோய் மருந்து பாக்லிடாக்சல். உயிரணுக்கள் பெருகுவதைத் தடுப்பது அதன் வேலை. பலூனால் விரித்த தமனி மறுபடி குறுகுவதும் சுவரின் உயிரணுக்கள் பெருகுவதால்தான். எனவே அந்த மருந்தைப் பலூனிலும் ஸ்டென்ட்டிலும் பூசினார்கள், பலன் இருந்தது. 2018 இறுதியில் ஓர் ஆய்வு, இவற்றைப் பெற்றவர்களில் மரணம் அதிகமோ என்று ஐயம் கிளப்பியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. பயன்பாடு சரிந்தது. நீண்ட காலத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபின் 2023-இல் அந்த அமைப்பே, கூடுதல் மரண ஆபத்துக்குச் சான்று இல்லை என்றது. அனுமதி கிடைத்ததோடு ஒரு மருந்தின் கதை முடிவதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் ரிவராக்சபான் இன்னொன்று. காலில் பலூனோ பைபாஸோ செய்துகொண்ட 6,564 பேரிடம், ஆஸ்பிரினோடு அதைச் சிறு அளவில் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2020-இல் வந்த முடிவின்படி, மூன்று ஆண்டுகளில் காலிலோ இதயத்திலோ மூளையிலோ பெரிய அடைப்பு, கால் இழப்பு, இதய மரணம் ஆகியவை ஆஸ்பிரின் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 19.9, சேர்த்துப் பெற்றவர்களில் 17.3. ரத்தக் கசிவு ஆபத்து கொஞ்சம் கூடியது. வெற்றி என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த அளவுதான் இருக்கும். கடைக்கு வருகிறவர்கள் இதைக் கேட்டால் முகம் சுருங்கிவிடும்.

சர்க்கரைக்கும் எடைக் குறைப்புக்கும் பேர் வாங்கிய செமாக்ளூடைட் ஊசி 2025-இல் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. சர்க்கரை நோயும் நடை வலியும் உள்ள 792 பேரிடம் நடந்த சோதனையில், ஓராண்டில் நடக்க முடிந்த தூரம் வெறும் ஊசிக்காரர்களைவிட 13 சதவீதம் அதிகமாகியிருந்தது.

இதன் பக்கத்தில் ஒரு பழைய சிகிச்சையை வைக்கிறேன்: நடை. வலி நன்றாக வரும்வரை நடந்து, நின்று, வலி போனதும் மறுபடி நடந்து, வாரம் மூன்று நாள் அரை மணி முதல் முக்கால் மணி வரை, மூன்று மாதம். மேற்பார்வையோடு இப்படி நடந்தவர்களின் அதிகபட்ச நடை தூரம் சராசரியாக 120 மீட்டர் கூடியதாகப் பல சோதனைகளின் தொகுப்பு காட்டுகிறது. பீடியை நிறுத்துவதும், கொலஸ்ட்ரால் மாத்திரையை விடாமல் விழுங்குவதும் சேர்ந்தால் காலோடு இதயமும் தப்பிக்கும். எந்த நிறுவனமும் இதற்கு விளம்பரம் கொடுக்காது.

## திருவனந்தபுரத்து வால்வு

நம் மாவட்டத்திலிருந்து பெரிய சிகிச்சைக்கென்று பஸ் ஏறுகிறவர்களுக்கு திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் தெரிந்த பெயர். பூஜப்புரையில் அதன் ஆய்வகங்கள் இருக்கின்றன. இதய அறுவை மருத்துவர் எம்.எஸ்.வலியத்தான் தலைமையில் அங்கே உள்நாட்டு இதய வால்வு செய்யத் தொடங்கினார்கள். முதல் மூன்று மாதிரிகளும் தேறவில்லை. நான்காவது மாதிரி செம்மறி ஆடுகளில் நிலைத்தது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. தொடங்கியதிலிருந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருந்தன. இன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைப் பெற்றிருக்கிறார்கள். உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட ஒரு வட்டத் தட்டுக்கே இவ்வளவு காலம் என்றால், உயிருள்ள குழாயை வளர்க்கும் மருந்துக்கு ஆகும் காலத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

## புதுச் சிகிச்சை என்று யாராவது அழைத்தால்

மனிதரிடம் நடக்கும் மருந்துச் சோதனை எதுவானாலும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். 2009 முதல் இது கட்டாயம். அதன் இணையதளத்தை யாரும் காசில்லாமல் பார்க்கலாம். அழைக்கிறவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம். எந்தக் கட்டம், வெறும் ஊசி விழ வாய்ப்பு உண்டா, நடுவில் விலகலாமா என்றும் கேளுங்கள். விலகுவது உங்கள் உரிமை. ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஆங்கிலத் தாளில் கையெழுத்து மட்டும் கேட்டால் போடாதீர்கள். சோதிக்கப்படும் மருந்துக்கே உங்களிடம் பணம் கேட்டால் அங்கே ஏதோ சரியில்லை.

காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. சர்க்கரை நோயாளியின் மரத்துப்போன காலில் சூடான ஒத்தடம் வேண்டாம். கொப்புளம் எழுந்தாலும் தெரியாது. எண்ணெய் தடவ வர்ம ஆசானிடம் போவதானால், அதற்கு முன் ஒருமுறை டாப்ளர் பார்த்துவிடுங்கள். நல்ல ஆசான் இதற்குக் கோபப்பட மாட்டார். விரல் கறுத்தாலோ, புண் இரண்டு வாரமாக ஆறாவிட்டாலோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ, ரத்தக்குழாய் நிபுணர் இருக்கும் வேறு மருத்துவமனைக்கோ அந்த வாரத்திலேயே போக வேண்டும். கால் திடீரென்று ஜில்லிட்டு வெளிறி, தாங்க முடியாமல் வலித்தால் கணக்கு மணி நேரத்தில்தான். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.